பூநாரைக்காக இடமாற்றப்பட்டவர்

புஷ்பலீலா டீச்சர் காலமான செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் கண்டி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். ஆசிரியர் குழுவில் ஒரு படம்: எரியும் விளக்கு, இரண்டு வெள்ளைப் பூக்கள், அதன் கீழே 'எமது கல்வி வலயத்தின் அறிவுச்சுடர் அணைந்தது' என்ற வரி. அதைப் போட்டவரின் பெயரைப் பார்த்ததும் அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. வலயக் கல்வி அலுவலகத்தில் இருக்கும் அவரை இங்கே 'அதிகாரி' என்று மட்டும் எழுதுகிறேன். டீச்சரை அறிந்த உங்களுக்கு ஆள் யாரென்று தெரியும்.

கண்டியில் ஒரே பாடசாலையில் நாங்கள் இருவரும் பல வருடங்கள் படிப்பித்தோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழ் ஆசிரியை. அவர் கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் போய், விலங்கியல் படித்து வந்தவர். அவரை 'இனிமையானவர், எல்லோரோடும் சுமுகமாகப் பழகியவர்' என்று அஞ்சலிப் பதாகையில் அடித்திருந்தார்கள். பொய். அவர் வாய் பொல்லாதது. ஆசிரியர் கூட்டத்தில் பாடசாலை அதிபர் பேசிக்கொண்டிருக்கும்போதே, "சேர், போன மாசமும் இதையேதான் சொன்னீங்க" என்பார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்ப்போம்.

என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் இடையில் ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். பறவைகளை வகைப்படுத்தும் பாடம் நடந்த வாரம், என் பிள்ளைகள் இலக்கணத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கம் காது கொடுத்தார்கள். நானும்தான். "பூநாரையோட முழங்கால் பின்னுக்கு மடியுதுன்னு யாரும் எழுதாதீங்க. அது முழங்கால் இல்ல, கணுக்கால். முழங்கால் மேல இறகுக்குள்ள ஒளிஞ்சிருக்கு" என்றார். அது தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணீரை வடித்துத் தின்பதைக் காட்ட, தேநீர் வடியை வாயருகே பிடித்துக்கொண்டு மேசைக்குமேல் குனிந்து நின்றாராம். குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம், தின்னும் தீனியால்தான் பிறகு சிவக்கிறது என்றும் சொல்லிக் கொடுத்தார். வகைப்பாட்டுச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி முடித்துவிட்டு அவர் சொன்னது தட்டியைத் தாண்டி என் காதில் விழுந்தது: "வருணம், சாதி, இனம். இந்த மூணு சொல்லையும் பறவைக்கு மட்டும் பாவிங்க பிள்ளைகளா. மனுசங்களுக்கு வேணாம்."

பூநாரையைப் பார்க்க மன்னாருக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. "அது மன்னார்ல இருக்கட்டும். அதோட சொந்தக்காரன் இங்கேயே இருக்கான்" என்று சொல்லி, பிள்ளைகளைத் தெல்தெனியப் பக்கம் நீர்த்தேக்கத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். தண்ணீரில் ஒரு சின்னக் கபில நிறப் பறவை முங்கி முங்கி எழுந்தது. முக்குளிப்பான். எல்லோருடைய முகத்திலும் ஏமாற்றம். ஷர்மிளா என்ற பிள்ளை வாய்விட்டே கேட்டாள்: "இதா மிஸ்? கோழிக்குஞ்சு மாதிரி இருக்கே. பூநாரைக்கு நாரைதானே சொந்தம்?"

"பார்க்க ஒரே மாதிரி இருந்தா சொந்தம்னு யார் சொன்னது? நீண்ட கால், நீண்ட கழுத்து, அதெல்லாம் நிக்கிற தண்ணிக்கு ஏத்த மாதிரி வர்றது. உள்ளுக்குள்ள, மரபணுவைப் பார்த்தா, இவன்தான் கிட்டின சொந்தம். நாரை ரொம்பத் தூரம்."

ஷர்மிளா அந்தப் பறவையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தத் தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் வலயத்திலிருந்து வந்தது. பூநாரைக்கு மிக நெருங்கிய உறவுடைய பறவை எது என்று ஒரு கேள்வி. நாரையும் இருந்தது, முக்குளிப்பானும் இருந்தது. டீச்சரின் பிள்ளைகள் சரியானதை எழுதினார்கள். புள்ளித்திட்டத்தில் விடை நாரை. அத்தனை பேருக்கும் பிழை போடப்பட்டது. அந்த ஒரு கேள்வியால் ஷர்மிளாவுக்கு மாகாண விஞ்ஞானப் போட்டிக்குப் போகும் இடம் இல்லாமல் போனது.

வினாத்தாளைத் தயாரித்தவர் அதிகாரி. டீச்சர் மூன்று புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். அதிகாரி புத்தகங்களைத் திறக்கவே இல்லை.

"டீச்சர், பேரிலேயே நாரை இருக்கு. பிறகென்ன?"

"கடற்குதிரையில குதிரை இருக்கு சேர். அதுக்கு லாடம் அடிப்பீங்களா?"

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்றும் நம்புகிறேன். அதிகாரியின் முகம் மாறியது. "இது கந்தோர். தோட்டத்து யூனியன் மாதிரி இங்க வந்து கத்த ஏலாது" என்றார். பிறகு, யாழ்ப்பாணத்தவள் என்பதால் என்னையும் தன் ஆள் என்று நினைத்தோ என்னவோ, என் பக்கம் திரும்பி, "நீங்களாவது உங்கட சிநேகிதிக்குச் சொல்லுங்கோ" என்றார்.

"அவ சொன்னதுதான் சரி. நான் என்னத்தைச் சொல்ல?" என்றேன்.

ஒரு கிழமைக்குள் அதிபர் டீச்சரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். "பிழைன்னா கால்லகூட விழுறேன் சேர். சரியா இருக்கிறதுக்கு எப்படி மன்னிப்பு கேக்கிறது?" என்று கேட்டுவிட்டு வந்து, தன் கதிரையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். சாப்பிடவில்லை.

'சேவையின் தேவை கருதி' இடமாற்றம் வந்தது. தெல்தெனியவுக்கும் அப்பால், மேல் வகுப்புகள் இல்லாத ஒரு சின்னப் பாடசாலை. எதிர்த்து ஒரு மனு எழுதி மேசை மேசையாகக் கொண்டுபோனேன். சிலர் கையெழுத்திட்டார்கள். சிலருக்கு அந்த நேரம் பார்த்து வகுப்பு இருந்தது. ஒருவர் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். பிரியாவிடைக்குக் கேக் வெட்டி, பொன்னாடை போர்த்தி, 'எங்கிருந்தாலும் வாழ்க' என்றார்கள். ஷர்மிளா உயர்தர வகுப்பில் வர்த்தகம் எடுத்தாள். ஏன் என்று கேட்டேன். "சரியா எழுதினாலும் பிழைதானே மிஸ்" என்றாள்.

டீச்சருக்குத் தினமும் கம்பளை வீட்டிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து தெல்தெனிய, அங்கிருந்து இன்னுமொரு பஸ். போக ஒரு முறை, வர ஒரு முறை. வயிற்றுவலி தொடங்கியபோது லீவு கேட்டார். பதிலுக்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லை, தவணை முடியட்டும் என்றார்கள். தவணை முடிந்ததும் அடுத்த தவணை வந்தது. கடைசியில் வைத்தியரிடம் போனபோது, "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்றுதான் முதலில் கேட்டாராம்.

அந்த நோயோடுதான் அவர் கண்டியில் நடந்த ஒரு செயலமர்வுக்கு வந்தார். ஆசிரியர் வழிகாட்டி புதுப்பிக்கப்பட்டிருந்தது. அதிகாரி திரையில் படம் போட்டு விளக்கினார்: "பூநாரையை நாரையோடு சேர்ப்பது பழைய முறை. அதற்கு நெருங்கிய உறவு முக்குளிப்பான். நாங்கள் காலத்துக்கேற்ப எங்களைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்." நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் மெலிந்து, சேலைக்குள் ஆள் இருப்பதே தெரியாமல், எழுந்து நின்றார்.

"சேர், அன்னைக்கு இதை எழுதின பிள்ளைகளுக்கு இப்ப மார்க்ஸ் குடுப்பீங்களா?"

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். "தேநீர் இடைவேளை" என்றார். எல்லோரும் எழுந்து போனார்கள் என்று எழுதக் கூசுகிறது, ஆனால் போனார்கள். நானும் டீச்சரும் மட்டும் வெறும் கதிரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம்.

கம்பளையில் செத்தவீட்டில் அதிகாரி மாலையோடு வந்தார். "அவரின் திறமையை முதலில் இனங்கண்டவன் நான். 'பூநாரை டீச்சர்' என்றுதான் அன்பாக அழைப்போம்" என்று பேசினார். அப்படி யாரும் அவரை அழைத்ததில்லை. டீச்சரின் தம்பி கைகளைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்து நின்றார். பாடசாலையில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிடுவதாக இருந்தது. முதல் நாள் அதிபர் போனில் எடுத்தார். "டீச்சர், பழைய விசயம் ஒண்டும் கதைக்க வேண்டாம் என்ன?" நான் போனை வைத்துவிட்டேன். அடுத்த நாள் நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அவரைப் பார்க்கப் போனேன். தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தார். ஆறுதலாக இருக்கட்டும் என்று, "இனி விடுங்கோ டீச்சர். நீங்க சொன்னது சரியெண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும்தானே" என்றேன்.

"தெரியும்" என்றார். பிறகு, "யாரும் சொல்லலையே" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தச் சொல் ஒன்றுதான். அவருடைய பகிடிகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பாடங்களைப் பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது போதும், இது ஆறவும் வேண்டாம். கேட்க அவர் இல்லாத இடத்தில், அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்னிலையிலும் எழுதி வைக்கிறேன்: புஷ்பலீலா டீச்சர் சொன்னது சரி.