மெயினை அணைத்த பிறகும் சுற்றிய மின்விசிறி

நாற்பத்தெட்டு வீடுகள், பதினேழு ஆண்டுகள். இதுவரை ஒருவருக்கும் ஷாக் அடித்ததில்லை. அந்தக் குடியிருப்பின் எலக்ட்ரீஷியனிடம் எதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பார். எல்லோருக்கும் அவர் மெயினக்கா. குழாய் ஒழுகினாலும் கூரையில் ஈரம் பூத்தாலும், போனை எடுத்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "மெயினை ஆஃப் பண்ணியாச்சா?" நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்.

அவர் இந்த வேலைக்கு வந்தபோது முதலில் சிரித்தவர் அவருடைய அண்ணன். தரைத்தளத்தில் குடியிருக்கும் தையல்காரர். "ஊசியில நூல் கோக்கத் தெரியாதவ, வயர் இழுக்கக் கெளம்பிட்டா" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார்.

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த அண்ணனே போன் செய்தார். பொத்தான் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் குளியலறைக் குழாய் பிய்த்துக்கொண்டு, தையல் அறையில் கணுக்கால் அளவு தண்ணீர்.

தங்கை ஓடி வந்தபோது அவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வால்வை மூடிட்டேன். மீட்டர் ரூமுக்குப் போய் மெயினையும் ஆஃப் பண்ணிட்டேன். உன் பாட்டு எனக்கு மனப்பாடம் தாயே, வழிய விடு."

உள்ளே அலமாரியின் கீழ்த்தட்டில் இருபத்திரண்டு நர்ஸ் சீருடைகள். மாலைக்குள் ஆஸ்பத்திரியில் கொடுத்தாக வேண்டும். மூட்டையின் அடிப்பக்கம் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கியிருந்தது. அண்ணன் காலைத் தூக்கினார். தங்கை அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

காலரைப் பிடித்து ஒரே இழு.

"ஏய், விடு! மூத்தவன்ங்கிற மரியாதை வேண்டாம்?"

"மரியாதைய அப்புறம் மொத்தமா தரேன். மெயின் ஆஃப்னா, ஃபேன் எப்பிடிண்ணே சுத்துது?"

அண்ணன் மேலே பார்த்தார்.

இன்வெர்ட்டர். மெயின் போன நொடியில் பாட்டரி பொறுப்பெடுத்துக்கொண்டது. தையல் மெஷினின் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அதே லைனில்தான். அது தண்ணீருக்குள் கிடந்தது. மெயின், மெயின் என்று குடியிருப்புக்கே ஓதியவர், இன்வெர்ட்டரையும் அணைக்கச் சொல்லி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. தங்கைக்குச் சுருக்கென்றது.

இன்வெர்ட்டர் இருந்தது பின்பக்கம், இரண்டு படி உயரத்தில். அங்கே தண்ணீர் ஏறவில்லை.

"சுத்திப் போய் அணைச்சிட்டு வரேன். அதுக்குள்ள காலை வச்சே, அண்ணிகிட்ட சொல்லிடுவேன்."

அந்த மிரட்டலுக்கு அண்ணன் சிலையானார்.

தங்கை பின்வாசல் வழியாகப் போய் இன்வெர்ட்டரை அணைத்தார், பாட்டரி இணைப்பைக் கழற்றினார், ஒவ்வொரு லைனையும் சோதித்தார். அவசரப்படவே இல்லை. மின்விசிறி தள்ளாடி நின்றது. பிறகு ரப்பர் பூட்ஸோடு அவரே முதலில் இறங்கி மூட்டையைத் தூக்கிவந்தார். அதற்குள் ஆறு சீருடைகள் நனைந்து, மூட்டைத் துணியின் சாயம் அவற்றில் ஏறிவிட்டது.

"மெஷின் ஓடுதான்னு ஒரே ஒரு தடவை மேல வீட்டு பிளக்குல போட்டுப் பாத்துக்கறேனே?"

"மோட்டார் காஞ்சு, நான் பாத்து, சரின்னு சொன்னப்புறம்."

அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். கூடியிருந்த அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் கேட்கும்படி பேசினார்.

"இன்னிக்குப் பதினாறுதான் சார். என் தங்கச்சி உள்ள போக விடல. எலக்ட்ரீஷியன் சார், லைசென்ஸ் வச்சிருக்கா. அவ மட்டும் இழுக்கலேன்னா, துணியும் வந்திருக்காது, போன் பேச நானும் இருந்திருக்க மாட்டேன்."

தங்கை தலை குனிந்து பூட்ஸில் ஒட்டியிருந்த தண்ணீரைத் துடைத்தார். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

சுவர் காயும்வரை அண்ணன் தங்கை வீட்டு முன்னறையில் தைக்கிறார். வரும் செவ்வாய்க்கிழமை அண்ணன் வீட்டு பிளக் பாயிண்ட்கள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏறுகின்றன.