ஏலத்தில் போன ஊறுகாய்

பனவடலிசத்திரத்தில் இன்பம் பேச ஆரம்பித்துவிட்டால், அவள் தண்ணீர் குடிக்கும்போதுதான் மற்றவர்களுக்கு வாய் திறக்க முடியும். திருவேங்கடத்துப் பக்கம் பிறந்து, இங்கே ஏசுதாசனுக்கு வாழ்க்கைப்பட்டு, பல வருடங்களாக ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். அங்கே பிடித்த பழக்கம், எதிரே இருப்பவருக்கு நரை விழுந்திருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும். மனசில் கெடுதல் கிடையாது. ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு முதலில் வந்து நிற்பாள். கூடவே அறிவுரையும் வரும், அதுதான் வினை.

ஏசுதாசன் புளியங்குடி மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோவில் எலுமிச்சை ஏற்றிப் போகிறவர். விலை விழுந்த நாட்களில் கேட்க ஆளில்லாமல் மூட்டைகள் அப்படியே திரும்பி வரும். அதைப் பார்த்து வயிறெரிந்துதான் இன்பம் ஊறுகாய்த் தொழிலில் இறங்கினாள். தனியாக ஆகிற காரியமா? பக்கத்துத் தெரு முத்துமீனாள் தன் வீட்டுக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தாள். ஆபிதா பானு சங்கரன்கோவிலில் ஒரு தையல் கம்பெனியில் இருந்தவள். இன்பத்தின் பேச்சை நம்பி அந்த வேலையையே விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

முதலில் போட்ட ஊறுகாயில் ஒரு பாட்டில், சபையின் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகப் போனது. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவார்கள். ஒரு கட்டு முருங்கைக்காய் ஆட்டுக்குட்டி விலைக்குப் போகிற இடம் அது. இன்பத்தின் பாட்டிலுக்கு ரிட்டையர்டு வாத்தியார் எஸ்ராவும் ரைஸ்மில் ஜோஷுவாவும் மல்லுக்கட்டி, கடைசியில் எஸ்ரா சார் எடுத்தார். இன்பத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சபையே அடிச்சுக்கிட்டு நிக்குட்டி நம்ம ஊறுகாய்க்கு!" என்று கொட்டகைக்கு ஓடி வந்தாள். "டிரம் டிரம்மாப் போடுவோம்."

போட்டார்கள். எலுமிச்சையை விதையோடு சேர்த்து மளமளவென்று நறுக்கச் சொன்னதும் இன்பம்தான். வாயில் வைத்தபோது கொஞ்சம் கசந்தது. எலுமிச்சை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

சங்கரன்கோவில் கடைகளுக்குப் போன பாட்டில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இன்பம் முதலில் லேபிளைக் குறை சொன்னாள், பிறகு மூடியை, பிறகு டவுன்காரர்களின் நாக்கை. ஒரு சனிக்கிழமை ஆபிதா மெல்லச் சொன்னாள்: "கம்பெனியில திரும்பக் கூப்பிடுதாங்க அக்கா. திங்கக்கிழம பதில் சொல்லணும்."

இன்பம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஆபிதா போய்விட்டால் முத்துமீனாளும் நிற்கமாட்டாள். அதோடு கொட்டகைக்குப் பூட்டுத்தான். எஸ்ரா சாரிடம் நாலு நல்ல வார்த்தை வாங்கி லேபிளில் போட்டால் சரக்கு நகரும் என்று, மறுநாள் ஆராதனை முடிந்த கையோடு அவர் வீட்டுக்குப் போனாள்.

கண்ணாடி அலமாரியில், கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டில் இருந்தது. மூடியில் கட்டிய நூல் கட்டியபடி.

"என்ன சார், திறக்கவே இல்லியா?"

"காணிக்கைப் பொருளாச்சேம்மா, அழகுக்கு இருக்கட்டும்னு வச்சிட்டேன். எனக்குப் பிரஷர் வேற, ஊறுகாயத் தொடவே கூடாது." எஸ்ரா சிரித்தார். "அன்னைக்கு அந்த ஜோஷுவா விடாம ஏத்திக்கிட்டே போனான். அவனுக்கு விட்டுக்குடுக்க மனசு வரல, அதான் எடுத்தேன்."

இன்பத்துக்குப் பேச்சு வரவில்லை. பிறந்த நாள் முதல் அப்படி ஒரு காரியம் அவளுக்கு நடந்ததே இல்லை.

நேரே கொட்டகைக்கு வந்தாள். முத்துமீனாளும் ஆபிதாவும் திரும்பி வந்த பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னாள். "ஒருத்தருமே ருசி பாக்கல. நாந்தான் பெரிசா நெனச்சுக்கிட்டேன். உங்களையும் இழுத்து விட்டுட்டேன்" என்றாள்.

"எனக்கு மொத நாளே தெரியும்க்கா" என்றாள் ஆபிதா. "வித அறுபட்டாக் கசக்கும். எங்க வீட்டுல வித எடுத்துட்டு, உப்புல ஊறப்போட்டு, நல்லா வெயில் காட்டித்தான் தாளிப்போம்."

"பொறவு ஏம்ட்டி சொல்லல?"

"சபையே அடிச்சுக்கிட்டு வாங்குச்சுன்னீங்க. உங்க ஆளுகளுக்கு இப்படித்தான் பிடிக்கும் போலன்னு நெனச்சேன். நீங்களும் கேக்கலியே அக்கா. சொல்லிக்கிட்டேல்லா இருந்தீங்க."

முத்துமீனாள் தலையை நிமிர்த்தாமலே, "எனக்கும் கசக்கத்தான் செஞ்சுது மதினி" என்றாள்.

கோபப்படலாம் என்றுதான் இன்பத்துக்கு முதலில் தோன்றியது. யார் மேல் கோபப்பட? வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று சாயங்காலமே மூவரும் சேர்ந்து டிரம்களைக் குழியில் கவிழ்த்தார்கள்.

மறுநாள் காலையில் ஏசுதாசன் புது மூட்டையை இறக்கிவிட்டுப் போனார். எப்படி நறுக்குவது என்று ஆபிதா சொன்னாள், மற்ற இருவரும் செய்தார்கள். விதை எடுப்பது பொறுமையான வேலை, கொட்டகை அமைதியாக இருந்தது. அப்போது ஆபிதாவின் போன் அடித்தது. கம்பெனி சூப்பர்வைசர்.

போகாதேட்டி என்று சொல்ல இன்பத்துக்கு நாக்கு துறுதுறுத்தது. நூறு காரணம் தயாராக இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, "நீ என்ன நெனைக்க ஆபிதா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆபிதா கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு போனை எடுத்து, "நான் வரல மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த கையோடு, "அக்கா, வித எடுக்க நாம மூணு பேரு காணாது. அங்க எங்கூடத் தச்சவளுக ரெண்டு பேரு நம்ம ஊருதான். வாரீங்களான்னு கேக்கட்டா?" என்றாள்.

இன்பம் கண்ணைத் துடைக்கப் போய், கையில் இருந்த எலுமிச்சைச் சாறு பட்டு எரிந்தது. எரிச்சலோடு எரிச்சலாக அழுது தீர்த்தாள். "கேளுட்டி, இப்பவே கேளு" என்றாள்.