கண்ணை மூடிய நான்காம் வகுப்பு

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் இந்த அரபு நாட்டு ஃபஹாஹீலில் எங்கள் பள்ளிக்கூடத்தின் எட்டு புரொஜெக்டர்களும் என் கைப்பக்குவத்தில்தான் ஓடுகின்றன. என்ஜினியர் கைவிட்டதைக்கூட எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நானே அசந்துபோன ஒருத்தி உண்டென்றால் அது சுபிஷா டீச்சர். முட்டத்துக்காரி, நான்காம் வகுப்புக்கு அறிவியல்.

விதை முளைப்பதை ஒருநாள் அவள் யூடியூபில் காட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு விளம்பரம் புகுந்தது. பனியன்கூட இல்லாத ஒருவன் நெஞ்சுமுடியை மழித்துக் காட்டினான். பெற்றோர் திரண்டு வந்துவிட்டார்கள். இன்னொரு தடவை நடந்தால் காண்ட்ராக்ட் கிடையாது என்றார் பிரின்சிபால். காண்ட்ராக்ட் போனால் விசாவும் போகும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வீடியோவையும் மூன்று முறை முழுக்கப் பார்த்தாள். ஓரத்தில் தலைகாட்டும் வேறு வீடியோக்களை அட்டை வெட்டி மறைத்தாள். விளம்பரம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. தடவைக்கு ஒன்றாக வந்தது. அதற்குப் பிள்ளைகளைப் பழக்கினாள். விளம்பரம் வந்தால் சத்தத்தை அணைத்து, அரபியில் "மாஃபி!" என்பாள், ஒன்றும் இல்லை என்று. எல்லோரும் கண்ணை மூடி மேசையில் கவிழ வேண்டும். முடிந்தது என்பதற்கு "கலாஸ்" என்றால்தான் நிமிரலாம்.

"மக்ளே, இது வகுப்பா, தீயணைப்புப் படையா?" என்றேன்.

"சிரியுங்க மாமா. உங்க வேலயா போவப்போவுது?"

ஆய்வு நாளன்று நிர்வாகத்திலிருந்து சேதுராமன் சார் வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார். நான் புரொஜெக்டர் பக்கத்தில். எரிமலை வீடியோ. குழம்பு பொங்கும் நேரம் பார்த்து டயப்பர் விளம்பரம்!

"மாஃபி!"

முப்பத்திரண்டு தலைகளும் தடாலென விழுந்தன. என்னவோ ஏதோவென்று சாரும் விழுந்தார். பயத்தில் டீச்சரும் கவிழ்ந்துவிட்டாள். சத்தம் இல்லாததால் விளம்பரம் முடிந்தது கவிழ்ந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எரிமலை வெடித்து, ஆறி, அதன்மேல் புல்லும் முளைத்துவிட்டது.

"எழுந்துக்கலாமாம்மா?" என்று சார் மெல்லக் கேட்டார்.

"அங்கிள், நோ சீட்டிங்!" என்று பக்கத்துப் பிள்ளை அதட்டியது.

நான்தான் "கலாஸ்!" என்று கத்தினேன்.

டீச்சர் வெளுத்துப்போய் நின்றாள். சார் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"எத்தனையோ ஸ்கூல் பாத்திருக்கேன். ஒரு குழந்தைகூட விளம்பரம் பாக்காத கிளாஸ் இதுதாம்மா. நானே பாக்கலியே!"

காண்ட்ராக்ட் இரண்டு வருடத்துக்கு நீண்டது. எனக்கு ஒரு மெமோ வந்தது. வகுப்பறையில் விளம்பரத்தை முழுதாகப் பார்த்த ஒரே ஆள் நானாம். பார்த்தேன்தான். ஒருவனாவது பார்க்காவிட்டால் அவர்கள் இன்றுவரை கவிழ்ந்துதான் கிடப்பார்கள்.