நான்காவது வளைவில் நிறுத்தம் இல்லை

கடற்கரைச் சாலையில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய மனிதருக்குக் கடல் என்ன நிறம் என்று தெரியாது. கேட்டால், "தார் கலர்தான்" என்பார். பொய்யில்லை. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அதலபாதாளம், நடுவே பாம்பு நெளிந்த மாதிரி சாலை. அங்கே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடலை ரசிக்கிறவன், மிச்சத்தைக் கடலுக்குள் போய்த்தான் ரசிக்க வேண்டும். டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பேர். ஓய்வு பெற்ற பிறகும் சோற்றைக்கூட இரண்டாவது கியரில்தான் சாப்பிடுகிறார்.

அந்தச் சாலையின் அடிவயிற்றை அலை அரித்துவிட்டது. மலைக்குப் பின்னால் புதுச்சாலை போட்டாயிற்று. இன்று மாலை ஐந்து மணிக்குப் பழைய சாலையைச் சங்கிலி போட்டு மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நிதானத்துக்கு நிதானம் போய்விட்டது. மச்சானின் காரை இரவல் வாங்கி வந்து வீட்டு வாசலில் ஹாரன் அடித்தார்.

அவர் மனைவி தையற்காரி. பக்கத்து வீட்டுக்காரரின் பேன்ட்டில் ஒரு காலைத்தான் சுருக்கியிருந்தாள்.

"எங்கங்க?"

"நாலாவது வளைவுக்கு."

மிஷின் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கு நொண்டட்டும் என்று எழுந்து வந்தவள், முன் சீட்டை விட்டுவிட்டு அவருக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"அங்க ஏன்?"

"டிரைவர்கிட்ட பேச்சுக் கொடுக்கக் கூடாதுல்ல?"

கல்யாணமான புதிதிலும் அவள் அவருடைய பஸ்ஸில் அதே இடத்தில்தான் உட்கார்ந்து போனாள். கலங்கரை விளக்கம் தாண்டி நான்காவது வளைவில், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டு இரண்டு பாறைகள் கடலில் நிற்கும். "ஒரே நிமிஷம் நிறுத்துங்களேன்" என்று கேட்டாள். "அங்க ஸ்டாப் இல்ல" என்றார். அவள் இரண்டு விரலை வாயில் வைத்து, கண்டக்டர் தோற்றுப்போகிற மாதிரி ஒரு விசில் விட்டாள். அவர் கால் தன்னால் பிரேக்கை மிதித்தது. நாற்பது பயணிகளும் முன்னால் சாய்ந்தார்கள். அதில் ஒருவர் செக்கிங் அதிகாரி.

மெமோ வந்தது. மூன்று நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அவருடைய பஸ்ஸில் ஏறவே இல்லை, விசிலும் அடிக்கவில்லை. 'உன் மேல கோபம் இல்லடி' என்று சொல்ல நினைத்து, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டே பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள்.

கார் கிளம்பியது. முதல் பஸ் ஸ்டாப்பில் கால் பிரேக்கை மிதித்தது. இரண்டாவதிலும் மிதித்தது. மூன்றாவதில் கோழியோடு ஒருவர் கதவைத் திறந்து ஏறியே விட்டார்.

"உள்ள தள்ளி உக்காருங்க" என்றாள் மனைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இது பஸ் இல்லைங்களா?"

"இல்லைங்க. ஆனா இவருக்கு அது இன்னும் தெரியல."

கோழிக்காரர் ஆறாவது ஸ்டாப்பில் இறங்கும்போது மணி நாலரை.

கலங்கரை விளக்கம் போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வந்தார். நான்காவது வளைவில் கார் அழகாகத் திரும்பி, நிற்காமல் போயிற்று. எல்லா ஸ்டாப்பிலும் நின்ற கால், ஸ்டாப் இல்லாத இடத்தில் நிற்க மறுத்துவிட்டது.

அடுத்த ஸ்டாப்பில்தான் திருப்ப இடம். அங்கே சங்கிலியும் கையுமாக இரண்டு வேலையாட்கள் நின்றார்கள். திரும்பி வந்தார். மறுபடியும் வளைவு பின்னால் போய்விட்டது. கலங்கரை விளக்கத்தடியில் மீண்டும் திருப்பும்போது மணி நாலு ஐம்பது.

"இது கேக்க மாட்டேங்குது" என்றார் காலைப் பார்த்து. "நீதான் விசில் அடிக்கணும்."

"மறுபடி மெமோ வரும்."

"குடுத்தவரே போய்ச் சேர்ந்தாச்சு. அடிடி. அன்னிக்கும் எனக்குக் கோபம் இல்ல. ஊரே சிரிச்சதுல வெக்கம், அவ்வளவுதான்."

அவள் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர் தோளருகே குனிந்தாள்.

"இதைச் சொல்லவா இவ்வளவு வருஷம்?" என்றாள். பிறகு, "முன்பல்லு ரெண்டு இல்லீங்க. காத்துதான் வரும்."

"வர்றது வரட்டும்."

மூன்றாவது வளைவு போனது. அவள் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாள். சைக்கிள் டியூப் பஞ்சரான மாதிரி 'புஸ்' என்று காற்று வந்தது.

கார் நின்றது.

ஜன்னலுக்கு வெளியே அந்த இரண்டு பாறைகளும் இன்னும் சமாதானமாகாமல் நின்றுகொண்டிருந்தன. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவர் தலைக்கு மேல் இருந்த கண்ணாடியைச் சரி செய்து, அதில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் பஸ் நின்ற அந்த ஒரு நிமிடம் கண்ணாடியில் இந்தச் சிரிப்பைத்தான் பார்த்தார்.

"ஏங்க, கடல் அந்தப் பக்கம்."

"தெரியும்" என்றார், கண்ணை எடுக்காமல்.