தோல் கிடங்குக்கு வந்த வக்கீல்

பம்பாய் மாட்டுங்காவில் காபிக்கொட்டை வறுக்கும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த வக்கீல் ஆபீஸ். நான் அங்கே ஸ்டெனோ. கடை வாடகைத் தகராறு, பாகப்பிரிவினை, பார்ட்னர்கள் பிரிந்த வழக்கு, இப்படித்தான் எங்கள் சாரிடம் கேஸ்கள் வரும். பக்கத்துக் கிங்ஸ் சர்க்கிள் தமிழ்க் கடைக்காரர்களில் பாதிப் பேர் அவருடைய கட்சிக்காரர்கள். சண்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள்கூட இஸ்திரி போட்ட சட்டையில்தான் வருவார்கள். எங்கள் ஆபீஸ் படியில் ரத்தக் கறையோடு ஒருவர் ஏறி நான் பார்த்தது அறுபதுகளின் பின்பாதியில் ஒரு காலையில்தான்.

ஒரு பெண் ஏறி வந்தாள். என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கலாம். இடது கை மணிக்கட்டுக்கு மேலே ஒடிந்திருந்தது. ஒரு மரச் சட்டத்தை வைத்துப் புடவைக் கிழிசலால் கட்டியிருந்தாள். ரவிக்கையில் முன்பக்கம் முழுக்க ரத்தம் காய்ந்து விறைத்துப்போயிருந்தது. அது அவளுடைய ரத்தம் இல்லை என்பது அவள் பேசத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. கூடவே வந்தவர் தாராவியில் தோல் பதனிடும் கொட்டகை வைத்திருந்த திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் முதலாளி. எல்லோரும் அவரை பாய் என்பார்கள். கொட்டகை நிலம் சம்பந்தமாக அவருக்கு எங்களிடம் ஒரு கேஸ் இருந்தது.

"வக்கீலய்யா, இவ புருசன நேத்து குத்திப் போட்டுட்டானுவ," என்றார் பாய். "போலீசு இவ தம்பியப் புடிச்சு உள்ள வச்சிருக்கு. எங்கிட்டதான் வேல பாக்கான் அந்தப் பய. அவன் குத்தல."

சார் அவளுக்கு நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்கோம்மா. யார் குத்தினான்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவள் உட்காரவில்லை. "தெரியுமாவா? என் கண்ணு முன்னாலதான் குத்துனான். தண்ணிக்கு வரிசையில நிக்கோம். பின்னால வந்து முதுவுல ஒரு குத்து. இவுக திரும்புன ஒடனே வயித்துல. கொடலு வெளிய வந்துட்டு. ரெண்டு கையாலயும் அள்ளிப் புடிச்சுக்கிட்டு என்னியப் பாத்தாவ. நான் அவன் சட்டையப் புடிச்சேன். இன்னொருத்தன் கம்பியால கையில போட்டான்."

அவர்கள் தெருவில் கள்ளச்சாராயம் காய்ச்சி விற்கும் ஒரு தாதா இருந்தான். அவனும் நம் ஊர்ப் பக்கத்து ஆள்தான். தெருக்குழாய் ஓரத்தில் ஊறல் பீப்பாய்களைப் புதைத்து வைப்பான். தண்ணீரில் அந்த நாற்றம் வருகிறதென்று அவள் புருஷன் ஒரு பீப்பாயைத் தோண்டி எடுத்து நடுத்தெருவில் கவிழ்த்துவிட்டான். அதற்குத்தான் கத்தி. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். போலீஸ் வந்தபோது ஒருவரும் பார்த்திருக்கவில்லை. மாமனும் மச்சானும் குடித்துவிட்டுச் சண்டை போட்டதாக எழுதி, அவள் தம்பியை இழுத்துப் போய்விட்டார்கள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கிரிமினல் கேஸ் பாத்ததில்லை, பாய்."

"அப்ப யார்ட்ட போவ? எங்க கூட்டத்துக்கு வக்கீலுன்னா ஒங்க ஒருத்தரத்தான் தெரியும்."

அன்று மதியமே சார் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். எழுத ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப் போனார். லாக்கப் கம்பிக்குப் பின்னால் அவள் தம்பி சுவரில் சாய்ந்து கால்களை நீட்டிக் கிடந்தான். பாதங்கள் இரண்டும் தலையணை மாதிரி வீங்கி, தோல் வெடித்துக் கறுத்திருந்தன. காலைத் தரையில் ஊன்ற முடியாமல் கையால் நகர்ந்து கம்பியருகே வந்தான். வாயைத் திறந்தபோது முன்பல் இரண்டு இல்லை. சார் அவன் காயங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "எழுதிக்கோம்மா. ரெண்டு பாதம், வாய், அப்புறம் வலது காதுக்குக் கீழே," என்றார்.

அந்தக் காயங்களைக் காட்டி, கத்தியும் கிடைக்கவில்லை என்று சொல்லி, செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் வாங்கினார். ஆனால் ஜாமீனுக்கு நிற்க ஆள் வேண்டும். பம்பாயில் சொந்தக் கடையோ வீடோ உள்ளவர் நின்றால்தான் கோர்ட் ஏற்கும். பாயின் கொட்டகை நிலமே வழக்கில் கிடந்தது. தாராவியில் வேறு யாரிடம் போவது?

சார் தம் கட்சிக்காரர்களைக் கூப்பிட்டார். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பாத்திரக் கடையின் பின்கட்டில் கூடினார்கள். மளிகை, ஜவுளி, ஹோட்டல் என்று ஏழெட்டு முதலாளிகள். அடுக்கி வைத்த பித்தளை அண்டாக்களுக்கு நடுவே சார் நின்றுகொண்டு கேட்டார். ஜவுளிக் கடைக்காரர், "தாராவிக் குத்துவெட்டுல நாம எதுக்கு சார் தலைய விடணும்? நாளைக்கு நம்ம கடைக்குக் கல்லு வரும்," என்றார்.

பாத்திரக் கடை அண்ணாச்சி அதுவரை கல்லாவில் குனிந்திருந்தார். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு.

"கல்லு ஏற்கெனவே வந்துட்டே," என்றார். "இந்த ஊர்க்காரனுவ நம்மள மதராஸி, லுங்கிவாலான்னு கத்திக்கிட்டு நம்ம ஷட்டர ஒடச்சப்ப ஸ்டேஷன்ல என்ன கேட்டாவ? யாரு பாத்தான்னு கேட்டாவ. ஒருத்தனும் பாக்கலன்னுட்டோம். நானும் பாக்கலன்னேன். இப்ப ஒரு பொம்பள, நான் பாத்தேன்னு ஒடஞ்ச கையோட வந்து நிக்கா. நான் ஜாமீன் நிக்கேன்."

தம்பி வெளியே வந்தான். நான்கு பேர் தூக்கித்தான் அவனை டாக்ஸியில் ஏற்றினார்கள்.

அந்த வாரத்திலேயே அண்ணாச்சி கடைக்கு ஆட்கள் வந்தார்கள். பட்டப்பகல். கடையில் கல்யாணச் சீர் வாங்க ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. வந்தவர்களில் ஒருவன் விலை கேட்பது போல ஒரு குத்துவிளக்கைத் தூக்கிப் பார்த்தான். அண்ணாச்சியிடம் ஏதோ சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அதைச் சுழற்றி அவர் முகத்தில் அடித்தான். விழுந்தவரை அதே விளக்கால் மறுபடி மறுபடி அடித்தான். கடைப் பையன் வந்து சொல்லி நானும் சாரும் ஓடியபோது அண்ணாச்சி அண்டாக்களுக்கு இடையில் மல்லாந்து கிடந்தார். ஒரு கண் இருந்த இடம் சிவந்த குழியாக இருந்தது. மறு கண் திறந்திருந்தது. "ஜாமீன வாபஸ் வாங்கச் சொன்னான்," என்றார். "முடியாதுன்னு சொல்லுததுக்குள்ள அடிச்சுட்டான்."

அந்தக் கண் திரும்ப வரவில்லை. கட்டுப்போட்ட தலையோடு அண்ணாச்சி கோர்ட்டுக்கு வந்து, ஜாமீனில் நிற்பதாக மறுபடி சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்காரர்களை அசைத்தது அதுதான். பயந்து ஒதுங்குவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த ஜவுளிக் கடைக்காரரே எங்கள் மாடிக்கு ஏறி வந்து, "இனி யாருக்கு ஜாமீன் வேணும்னாலும் என்னைக் கூப்பிடுங்க," என்றார். கண்கள் கலங்கியிருந்தன. பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. ஞாயிறு காலையில் பாய் தம் தோல் கிடங்கைத் திறந்துவிடுவது, சாரும் மாட்டுங்காவின் வேறு இரண்டு வக்கீல்களும் அங்கே உட்கார்ந்து பீஸ் வாங்காமல் கேஸ் கேட்பது, ஜாமீனுக்குக் கடைக்காரர்கள் நிற்பது என்று முடிவாயிற்று. சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போகும் தொழிலாளிக்கு அன்றைய கூலியைப் பிடிப்பதில்லை என்று கொட்டகை முதலாளிகளும் ஒத்துக்கொண்டார்கள். ஏழைகளுக்கு வக்கீல் வைத்துக் கொடுக்கும் ஏற்பாடெல்லாம் அரசாங்கத்திடம் அப்போது பேருக்குத்தான் இருந்தது. எங்களுக்கு ஒரு போர்டுகூடக் கிடையாது. உப்புத் தூவிய தோல்கள் கூரை வரை அடுக்கியிருக்க, நடுவில் ஒரு மேஜை. நாற்றத்துக்கு சார் மூக்கில் விபூதி தடவிக்கொண்டு வந்தார்.

முதல் ஞாயிறு நான்கைந்து பேர்தான் வந்தார்கள். அடுத்த ஞாயிறு வாசல் வரை நின்றார்கள். புருஷன் கொதி எண்ணெய் ஊற்றிய பெண், மாடு மாதிரி அடித்து வீட்டைவிட்டு விரட்டப்பட்ட கிழவர், விரலை மெஷினில் விட்டுவிட்டு வேலையும் போனவர். அவர்கள் சொல்லச் சொல்ல நான் சுருக்கெழுத்தில் எழுதினேன். கை கட்டுப்போட்ட அந்தப் பெண் என் பக்கத்தில் நின்று வந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தாதாவின் ஆட்கள் வந்தார்கள். முதலில் சோடா பாட்டில்கள் வந்து விழுந்தன. குண்டு வெடிக்கிற சத்தம். கண்ணாடிச் சில்லுகள் எங்கும் பறந்தன. அடுத்து, மின்சார பல்புக்குள் ஆசிட் நிரப்பி வீசினார்கள். ஒன்று என் நாற்காலிக்குப் பின்னால் உடைந்தது. கழுத்தில் யாரோ சூடு வைத்தது போல இருந்தது. நான் அலறிக்கொண்டு மேஜைக்குக் கீழே விழுந்தேன். அந்தப் பெண் தொட்டித் தண்ணீரை வாரி வாரி என் கழுத்தில் ஊற்றினாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கொட்டகைத் தொழிலாளர்கள் தோல் சீவும் கத்திகளோடு ஓடி வந்தார்கள். தாதாவின் ஆட்கள் சிதறினார்கள். ஒருவன் ஈரத்தோலில் வழுக்கி விழுந்து அகப்பட்டுக்கொண்டான். அவனை முடியைப் பிடித்துத் தரதரவென்று கொல்லைக்கு இழுத்துப் போனார்கள். அங்கே சுண்ணாம்புக் குழிகள் இருந்தன. ரோமம் கழலத் தோல்களை ஊறப்போடும் குழி. தவறி விழுந்தால் சதை வெந்துவிடும்.

அந்தப் பெண் அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இவந்தான்," என்றாள். "இவந்தான் குத்துனவன்."

கூட்டம் ஓவென்று கத்தியது. அவன் கால்களைக் குழிக்குள் இறக்கினார்கள். அவன் போட்ட கூச்சல் மனிதக் கூச்சலாகவே இல்லை. பாய் மட்டும் குறுக்கே புகுந்து, "விடுங்கல! கொல வேண்டாம்ல!" என்று தம் ஆட்களையே அறைந்து தள்ளினார். ஒருவரும் விடவில்லை. எரிகிற கழுத்தோடு நின்றிருந்த எனக்கு, அவனை முழுக்கத் தள்ளிவிடட்டும் என்றுதான் இருந்தது.

அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழி விளிம்புக்குப் போனாள். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கி அவன் வாயில் அடித்தாள். மறுபடி அடித்தாள். கட்டு விரிசல் விட்டு உதிரும் வரை அடித்தாள். வலியில் அவளே முனகினாள். அப்புறம் மூச்சு வாங்கத் திரும்பினாள்.

"தூக்குங்கல இவன வெளிய," என்றாள். "இங்க செத்தான்னா என் தம்பிதான் ரெண்டு கொலைக்கும் உள்ள போவான். இவன் உசுரோட வேணும் எனக்கு."

தூக்கினார்கள். முழங்கால் வரை தோல் வெளுத்து உரிந்திருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒரு கைவண்டியில் கிடத்தி ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பாய் ஆள் அனுப்பியதில் கிங்ஸ் சர்க்கிள் கடைக்காரர்களும் ஸ்டேஷன் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். தொழிலாளிகள் மட்டும் போயிருந்தால் தடியால் விரட்டியிருப்பார்கள். வக்கீல் மட்டும் போயிருந்தால் நாளைக்கு வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லியிருப்பார்கள். அன்று வெள்ளைச் சட்டை முதலாளிகள் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்துவிட்டார்கள். புகாரை எழுதாமல் எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். அண்ணாச்சி ஒற்றைக் கண்ணால் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுதினார்கள். அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவன் காலுக்காகப் பாயின் ஆட்கள் மூன்று பேர் மீதும் கேஸ் எழுதினார்கள். அவர்களுக்கு ஜவுளிக் கடைக்காரர் ஜாமீன் நின்றார்.

வழக்கு நடந்தபோது குழாயடியில் நின்ற பெண்களில் இருவர் சாட்சி சொல்ல வந்தார்கள். எதிர்த் தரப்பு வக்கீல் அந்தப் பெண்ணை அவள் புருஷன் குடித்த கதையெல்லாம் சொல்ல வைத்து அவமானப்படுத்திப் பார்த்தார். "குடிப்பாவ," என்றாள் அவள். "அதுக்குக் கொடல எடுப்பாகளா?" மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லத் தயங்கினார். நீதிபதி சொல்லச் சொன்னார்.

தம்பி விடுதலையானான். குத்தியவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தாதாவின் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. ஏற்றுவதற்கு சார் எவ்வளவோ முட்டிப் பார்த்தார், முடியவில்லை. தம்பியை அடித்த போலீஸ்காரர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தீர்ப்பு வந்த சாயங்காலம் கோர்ட் இருந்த கோட்டைப் பக்கத்திலிருந்து டாக்ஸியில் திரும்பினோம். அண்ணாச்சி முன்னால், பின்னால் நான், அந்தப் பெண், அவள் தம்பி. அவனால் செருப்புப் போட முடியவில்லை, பாதத்தைத் துணியில் சுற்றியிருந்தான். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தாதர் தாண்டியதும் அவன் பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டான். அக்காளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

"யக்கா, அந்தத் தெருவுக்கா போறோம்?"

அவள் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற எங்கல போவ?"

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். என்னை இறக்கிவிட மாட்டுங்காவில் டாக்ஸி நின்றது. தம் கடைக்குப் போக அவரும் அங்கேதான் இறங்க வேண்டும். அவர் இறங்கவில்லை. டிரைவரிடம், "சலோ, தாராவி," என்றார்.