கொட்டிப் பொறுக்கிய கடற்கரை

ஜெசிந்தாவுக்கு நாற்பத்தாறு வயது. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அவளுக்கு மாமல்லபுரம் கடற்கரையில் ஒப்பந்தத் துப்புரவு வேலை, ஒன்பது வருஷமாக. பழைய பாறைச் சிற்பங்கள் இருப்பதால் அது பாதுகாக்கப்பட்ட இடம். கம்பி வேலியும் நீலப் பலகையும் உண்டு. அந்தப் பலகைக்குக் கீழேயே அழுகிய பிரியாணிப் பொட்டலமும், கடல்தண்ணீர் குடித்து உப்பிய டயாப்பரும் கிடக்கும். எதைத் தொட்டாலும் அவளுக்குக் குமட்டியதில்லை. வாரி முடித்துக் கை கழுவிவிட்டு அங்கேயே உட்கார்ந்து நாஸ்தா தின்பாள்.

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாவலூரிலிருந்து ஒரு கம்பெனியின் ஆட்கள் கடற்கரையைச் சுத்தம் செய்ய வருவதாகச் சொன்னார்கள். வெளியாட்கள் வருகிறார்களே என்று ஜெசிந்தாவும் கூட வேலை செய்யும் லோகநாயகியும் விடிந்ததும் விடியாததுமாக வந்து, ஏழரைக்குள் பதினோரு மூட்டை கட்டிவிட்டார்கள். சூப்பர்வைசர் ஹரிஹரன் வந்து பார்த்தான். முகம் சுருங்கிப் போயிற்று.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்ட? பீச்சு பளபளன்னு கீது. வர்றவங்க இன்னாத்த பொறுக்குவாங்க?"

"அதுக்கு?"

"ரெண்டு மூட்டைய அவுத்துக் கொட்டு. பாட்டிலு, கவரு மட்டும். டயாப்பரு, நாத்தம் புடிச்சதெல்லாம் வேணாம். போட்டோல நல்லா இருக்கணும்."

லோகநாயகி சிரித்துவிட்டாள். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மூட்டையை அவிழ்த்தாள். ஈ மொய்த்த எலும்புகளைக் கிளறி, பார்வைக்கு நல்ல குப்பையாகப் பிரித்தெடுத்து மணலில் இறைத்தாள். பொறுக்கும்போது வராத அருவருப்பு இறைக்கும்போது வந்தது.

இரண்டு பஸ்ஸில் நாற்பது பேர் வந்தார்கள். எல்லார் சட்டையிலும் ஆமைப் படம். நீள இடுக்கியால் ஆளுக்கு நாலு பாட்டில் எடுத்தார்கள். தலைக்கு மேல் டிரோன் சுற்றியது. ஒரு பெண் ஜெசிந்தாவைப் பக்கத்தில் நிறுத்தி, "ஆண்ட்டி, கொஞ்சம் சிரிங்க" என்றாள். இருபத்தைந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பிறகு பொங்கல், வடை. தெர்மாகோல் தட்டுகள் பறந்து சவுக்குத் தோப்புக்குள் போயின. கழற்றிய கையுறைகள் மணலிலேயே கிடந்தன.

அப்போதுதான் பார்த்தாள். ஆமைச் சட்டைக்காரன் ஒருவன் சிற்பப் பாறைக்குப் பின்னால் நின்று அதன் மேலேயே ஒண்ணுக்கு அடித்துக்கொண்டிருந்தான்.

"த்தூ! இன்னாய்யா பண்ற?"

அவன் பதறித் திரும்பினான். "சாரிங்க, டாய்லெட் தூரமா இருந்துச்சு."

"தூரமா கீதுன்னா இங்க உடுவியா? குப்பத்துப் பொம்பளைங்க பூ வெக்கிற கல்லுய்யா இது. நான் சர்ச்சுக்குப் போறவ. நானே செருப்ப கழட்டிட்டுதான் இங்க பெருக்குறேன். தண்ணி எடுத்தாந்து கழுவு."

ஹரிஹரன் ஓடி வந்தான். "அக்கா, பேஜார் பண்ணாத. பெரிய ஆளுங்க."

"எவ்ளோ பெரிய ஆளா இருந்தா இன்னா? கழுவாம நான் நவுர மாட்டேன்."

எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அவன் பஸ்ஸிலிருந்து ஆறு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து ஊற்றிக் கழுவினான். காலி பாட்டில்களை அங்கேயே போட்டுவிட்டுப் போனான்.

அன்று ஜெசிந்தா சாப்பிடவில்லை. வீட்டில் நாலு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அவள் புருஷன் ஜெரோம், "அவன் செஞ்சதுக்கு நீ ஏன் இப்டி கெடக்குற?" என்றான்.

"அவன உடு. நான் கொட்டினேன் பாரு, என் கையால. அதான் கொமட்டுது."

மறுநாளே அவளை பஸ் ஸ்டாண்ட் கழிவறைக்கு மாற்றினார்கள். மார்ச்சில் ஹரிஹரன் அங்கே தேடி வந்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கூட்டம் வருகிறதாம்.

"உன்ன மாதிரி யாருக்கும் பிரிக்கத் தெரிலக்கா. ஒரு நாள் வந்து கொட்டிக் குடு, திரும்ப பீச்சுக்கே மாத்திடறேன்."

"வாரச் சொல்லு, வரேன். கொட்டச் சொன்னா வரமாட்டேன்."

அவன் போய்விட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை லோகநாயகி போனாள். மூன்று மூட்டை கொட்டினார்களாம்.