பெல்லுக்கு முந்திய சத்தம்

எங்கள் ஷூ கம்பெனியில் பெல் அடிப்பதற்கு முன்னால், கூரையில் தொங்கும் ஸ்பீக்கரில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஓர் உளுந்து தட்டில் விழுந்தது போல. பிறகு ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு பெல். பெல்லோடு கன்வேயர் நகரும், ஷூவின் மேல்தோல் துண்டுகள் வரும், வந்துகொண்டே இருக்கும். தையல் மெஷினின் பெடலில் கால் ஒரு மூச்சு பிந்தினாலும் துண்டுகள் குவியும். குவிந்தால் சூப்பர்வைசர் வாயைத் திறப்பார்.

அந்த டிக்கை முதலில் கண்டுபிடித்தவள் என் சித்தி மகள். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். விடியலில் மைதானத்தில் ஓட்டம், எட்டரைக்கு என் பக்கத்து மெஷினில் தையல் என்று இரண்டு வருடம் இருந்தாள்.

"அக்கா, பெல்லுக்குன்னு காத்துனு இருக்காத. டிக்குனு கேக்கும் பாரு, அப்பவே அமுக்கு."

அமுக்கினேன். எனக்கு அடுத்தவளும் அமுக்கினாள். ஒரு மாதத்தில் லைனில் இருந்த முப்பது பெண்களும் டிக்குக்கே கால் வைத்தோம். குவியல் கம்மியானது, திட்டும் கம்மியானது. "காதாடி இது, நாய்க்காது" என்று அவள் காதைப் பிடித்துத் திருகினோம். அவ்வளவு பெருமை எங்களுக்கு.

அப்புறம் மாவட்டம், மாநிலம், முகாம் என்று அவள் எங்கள் கையைவிட்டுப் போனாள். ஒரு நாள் செய்தி வந்தது: வெளிநாட்டில் பெரிய போட்டி, பெண்கள் இருநூறு மீட்டர் ஓட்டம். முதல் சுற்றைத் தாண்டினால் அரக்கோணத்தில் ஓர் அரசு வேலை என்று யாரோ ஓர் அதிகாரி அவளிடம் வாயால் சொல்லியிருந்தார். தாண்டாவிட்டால் மறுபடி மெஷின். போவதற்கு முந்தின நாள் கம்பெனிக்கு வந்து, தன் பழைய நாற்காலியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, "இனிமே உங்கள பாக்கத்தான் வருவேன் அக்கா, தைக்க வரமாட்டேன்" என்றாள்.

அந்த ஓட்டம் எங்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. கேண்டீனில் என் போனை டிபன் டப்பாவில் சாய்த்து வைத்தேன். சாம்பார் வாடை, பசை வாடை, எந்தச் சோப்பும் போக்காத தோல் வாடை. முப்பது பேரும் ஒருவர் தோளில் ஒருவர் முகவாயை வைத்து நின்றோம்.

"இன்னா இது, நம்ம பொண்ணு மட்டும் ஒல்லிக் குச்சியா நிக்குது? சோறு போட்டீங்களா இல்லியா?"

"அதுங்க தொடையப் பாரு. ஒண்ணொண்ணும் எம்மாம் பெருசு."

"தொடைய விடுடி, ஷூவப் பாரு. அந்தத் தையல் ஒண்ணு நேரா கீதா?"

ஷூ தைக்கிற நாங்கள் முகத்தை அப்புறம்தான் பார்ப்போம். சிரித்தோம். அதுதான் கடைசிச் சிரிப்பு.

எட்டுப் பேரும் குனிந்தார்கள். இடுப்புகள் உயர்ந்தன. திரையில் எல்லாம் நின்றது. ஒரே ஓர் உடல் மட்டும் நகர்ந்தது. அவளுடையது. துப்பாக்கி பிறகுதான் வெடித்தது. உடனே இன்னொரு வெடி, எல்லோரையும் திரும்ப அழைக்க. அவள் முப்பது அடி போய் நின்று திரும்பினாள். ஒருவர் நடந்து வந்து, சிவப்பும் கறுப்புமான ஓர் அட்டையை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். முந்திக் கிளம்பினால் அவ்வளவுதான், இன்னொரு தரம் கிடையாது.

அவள் அழவில்லை. தன் காதைத் தொட்டுக் காட்டினாள். கால் ஊன்றிக் கிளம்பும் கட்டைக்குப் பின்னால் வைத்திருந்த ஸ்பீக்கரைக் காட்டினாள். பிறகு வலது காலை லேசாகத் தூக்கித் தரையை ஒருமுறை அமுக்கினாள். அட்டைக்காரருக்குப் புரியவில்லை. அந்த மைதானத்தில் ஒருவருக்கும் புரிந்திருக்காது. கேண்டீனில் முப்பது பேருக்கும் புரிந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒருத்தி தன் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காராமல், திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்தது. மெஷின்களுக்குப் போனோம். டிக் என்றது. முப்பது கால்களும் அமுக்கின. என்னுடையதும்.

இரண்டு வாரம் கழித்து அவள் தைக்க வந்தாள். அதே நாற்காலி. அன்று டீ நேரத்தில் நான் கேட்காமலே சொன்னாள்: "இங்கெல்லாம் தூரத்துல துப்பாக்கி, இல்லாட்டி ரெண்டு கட்டைய சேத்துத் தட்டுவாங்க. அங்க முதுகுக்குப் பின்னாடியே ஸ்பீக்கர் அக்கா. துப்பாக்கிக்காரரு 'செட்'னு சொன்னாரு. அப்பறம் டிக்குனுச்சு. ஓடணும்னு நான் நெனைக்கவே இல்ல. காலு தானா போய்டுச்சு."

நான் டீயைக் குடித்தேன். நாங்கள் திருகிய காது.

இப்போது லைனில் அவள் ஒருத்திதான் டிக்குக்கு அசைவதில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பெல் அடித்து முழுசாக ஓயும்வரை உட்கார்ந்திருக்கிறாள். துண்டுகள் அவள் முன்னால் குவிகின்றன.

"இன்னாம்மா ஓட்டக்காரி, தூக்கமா?" என்கிறார் சூப்பர்வைசர்.

"பெல்லு முடியட்டும் சார்."

குவியலில் பாதியை நான் என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். அவளோடு சேர்ந்து காத்திருக்க நானும் பல நாள் முயன்றுவிட்டேன். முடியவில்லை. காலைத் தூக்கியே வைத்திருந்தாலும், டிக் என்றதும் அது போய் அமுக்கிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து அவள் என் காலைப் பார்க்கிறாள்.